ஆர்டரை யார் போடுவது: தலைமை அலுவலகமா, கடை மேலாளரா?

2011 வாக்கில் பிரிட்டனில் எந்த ஊர் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலை ஒட்டிய மேசையில் ஏறக்குறைய அதே புத்தகங்கள்தான் இருக்கும். மூன்று எடுத்தால் இரண்டுக்குக் காசு கொடுத்தால் போதும் என்ற ஸ்டிக்கரும் அதேதான். அந்த மேசையில் எதை வைப்பது என்று கடை மேலாளரை யாரும் கேட்கவில்லை. பதிப்பகங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பணம் கட்டி அந்த இடத்தை வாங்கியிருந்தன. அப்படி வந்த பணம் ஆண்டுக்குச் சுமார் 2.7 கோடி பவுண்டு. விற்காத புத்தகங்கள் மூட்டையாகப் பதிப்பகத்துக்கே திரும்பிப் போயின. வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படித் திரும்பியது. அதை எடுக்க, கட்ட, அனுப்பக் கடையில் ஆள் நேரம் செலவானது வேறு கதை.

இருபது முப்பது கடை வைத்து, எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்திலிருந்து ஓட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேருகிறார்கள்: கடையை மேலாளர் கையில் விட்டுவிடலாமா? விடலாம், விடக்கூடாது என்று இரண்டு பதில் மட்டும் இருப்பதுபோல்தான் பேச்சு நடக்கும். நிஜத்தில் பெரிய கடைச் சங்கிலிகள் போன வழிகள் குறைந்தது நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பார்க்கக் கிடைக்கிறது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அதிகாரம்" என்று மொத்தமாகப் பேசினால் இந்த முடிவை எடுக்கவே முடியாது. எந்தச் சரக்கு, எத்தனை, எங்கே அடுக்குவது, என்ன விலை, யாரை வேலைக்கு எடுப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அதில் முதலில் கடைக்குப் போக வேண்டியது ஆர்டர் என்பது என் முடிவு.

கடைக்கே விட்ட வழி

வாட்டர்ஸ்டோன்ஸை 2011-இல் ரஷ்யத் தொழிலதிபர் அலெக்சாண்டர் மாமுட் 5.3 கோடி பவுண்டுக்கு வாங்கி, ஜேம்ஸ் டான்ட் என்பவரிடம் ஒப்படைத்தார். டான்ட் வங்கி வேலையை விட்டுவிட்டு 1990-இல் லண்டனின் மேரிலபோன் பகுதியில் சொந்தமாகப் புத்தகக் கடை தொடங்கி நடத்தியவர். பொறுப்புக்கு வந்ததும் மூன்றுக்கு இரண்டு சலுகையை நிறுத்தினார். பதிப்பகங்கள் கட்டிய 2.7 கோடியையும் வேண்டாம் என்றார்.

நஷ்டத்தில் இருக்கும் கம்பெனி உறுதியாக வரும் பணத்தை விடுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் இந்த மாற்றத்தின் மையமே இதில்தான் இருக்கிறது. அந்தப் பணம் வரும்வரை தலைமை அலுவலகம் மேசையை விட முடியாது. காசு வாங்கிய புத்தகத்தை எல்லாக் கடையிலும் வைத்தாக வேண்டும், வைத்ததற்குக் கணக்கும் காட்ட வேண்டும். மேலாளரிடம் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மேசையை வேறொருவருக்கு விற்றுவைத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் இதே கணக்கு உண்டு. பில் போடும் இடத்துக்குப் பக்கத்து ரேக், வரிசைக் கடைசி அடுக்கு எல்லாம் டிஸ்ப்ளேவுக்கென்று கம்பெனிகள் பணம் கொடுத்து எடுக்கும் இடங்கள். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கப் போகிறவர் மேலாளர் கூட்டம் போடுவதற்கு முன்னால், அந்த வருமானம் மொத்த லாபத்தில் எத்தனை பங்கு என்று கணக்கு எடுத்துவிட வேண்டும். அதை இழக்க மனம் வரவில்லை என்றால் இந்த வழியைத் தொடாமல் இருப்பது நல்லது.

டான்ட் தாக்குப்பிடித்தார். கடைக்காரரே தேர்ந்தெடுத்து வைத்ததால் புத்தகம் விற்றது. திரும்பிப் போவது ஒற்றை இலக்க சதவீதத்துக்கு இறங்கியது. 2015-16 நிதியாண்டில் வாட்டர்ஸ்டோன்ஸ் லாபத்துக்குத் திரும்பியது. தொடங்கி ஐந்து ஆண்டு கழித்து. அந்த ஐந்து ஆண்டு என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் பங்குதாரர்கள் இருந்திருந்தால் அவரை அவ்வளவு நாள் விட்டிருக்க மாட்டார்கள். 2018-இல் எலியட் முதலீட்டு நிறுவனம் வாட்டர்ஸ்டோன்ஸின் பெரும்பங்கை வாங்கியது. மறு ஆண்டு அமெரிக்காவின் புத்தகக் கடைச் சங்கிலியான பார்ன்ஸ் அண்ட் நோபிளையும் கடனோடு சேர்த்து 68.3 கோடி டாலருக்கு வாங்கி அதையும் டான்ட்டிடம் கொடுத்தது. அறுநூறுக்கு மேற்பட்ட கடைகள், நியூயார்க்கில் ஒரு பெரிய கொள்முதல் பிரிவு, தேய்ந்துகொண்டிருந்த வியாபாரம். 2020-இல் கொரோனாவால் கடைகள் மூடிக்கிடந்தபோது ரேக்குகளை இடம் மாற்றி, அடுக்குகளைக் காலி செய்து, புத்தகங்களை மறுபடி தேர்ந்தெடுத்து வைத்தார்கள். நியூயார்க் கொள்முதல்காரர்களில் பலருக்கு வேலை போனது. மூடப்போகும் சங்கிலி என்று எல்லாரும் எழுதிவைத்த பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2023-இல் சுமார் 30 கடைகளும், 2024-இல் ஐம்பதுக்கு மேலும் புதிதாகத் திறந்தது.

இந்தக் கதை இவ்வளவு தூரம்தான் பொதுவாகச் சொல்லப்படும். கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்க்காமல் இதைப் பின்பற்றக் கூடாது.

முதல் விலை மேலாளர்களே. வந்த கட்டளையை நிறைவேற்றப் பழகியவரிடம் "நீயே தேர்ந்தெடு" என்றால் எல்லாராலும் முடியாது. 2013-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் மேலாளர் பதவிகளை மறுசீரமைத்தபோது இருநூறு பேர் அளவில் வெளியேறினார்கள். அடுத்தது சம்பளம். 2019-இல் ஊழியர்கள் குறைந்தபட்ச வாழ்வாதார ஊதியம் கேட்டு மனு கொடுத்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்தாளர்கள் துணை நின்றார்கள்; கம்பெனிக்கு இன்னும் அந்தச் சக்தி வரவில்லை என்பதுதான் டான்ட் தரப்பின் பதில். இது எனக்கு உறுத்துகிறது. கட்டளையை நிறைவேற்றுவதற்கு ஒரு சம்பளம், யோசித்து முடிவெடுப்பதற்கும் அதே சம்பளம் என்றால் பொறுப்பு மட்டும்தான் கீழே இறங்கியிருக்கிறது. சவுத்வோல்ட், ரை போன்ற சிற்றூர்களில் வாட்டர்ஸ்டோன்ஸ் பெயரே போடாமல், உள்ளூர்க் கடைபோலத் தோன்றும் பெயர்ப்பலகையுடன் கடை திறந்ததும் 2017-இல் சர்ச்சையானது. உள்ளூர்த்தன்மையை வளர்ப்பதற்கும் அந்தத் தோற்றத்தைப் பூசிக்கொள்வதற்கும் இடையே உள்ள கோட்டை அங்கே தாண்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

2022-இல் இரண்டு சம்பவங்கள். அமெரிக்காவில் சிறுவர் நூல் எழுதுகிறவர்கள், குறிப்பாக முதல் புத்தகம் எழுதியவர்கள், தங்கள் கெட்டி அட்டைப் பதிப்புகளைப் பார்ன்ஸ் அண்ட் நோபிள் எடுப்பதே அருகிவிட்டது என்று குரல் எழுப்பினார்கள். திரும்பி வரும் சரக்கைக் குறைக்க வேண்டும் என்று இறுக்கினால், விற்குமா என்று தெரியாத புதுச் சரக்கு முதலில் அடிபடும். அதே ஆண்டு வாட்டர்ஸ்டோன்ஸ் தன் கிடங்கு மென்பொருளை மாற்றியபோது கடைகளுக்குப் புத்தகம் போய்ச் சேருவது தாறுமாறானது. நன்றாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த மேலாளர்கள் கேட்ட புத்தகம் வராமல் வாடிக்கையாளருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைக்குச் சுதந்திரம் கொடுத்த பிறகு கிடங்கும் மென்பொருளும் முன்னைவிடத் துல்லியமாக வேலை செய்ய வேண்டும். முப்பது கடைக்கும் ஒரே மாதிரி அனுப்பும் குடோன், முப்பது விதமான ஆர்டரைத் தினமும் பிரித்து அனுப்பும் குடோனாக மாற வேண்டும். இதற்கு ஆகும் செலவை யாரும் முன்கூட்டியே எழுதிவைப்பதில்லை.

நடுவில் நின்ற வழி

அமெரிக்காவின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் சங்கிலியான மேசீஸ் வேறு ஒன்று செய்தது. அதன் தாய்க் கம்பெனி 2005-இல் "மே டிபார்ட்மென்ட் ஸ்டோர்ஸ்" என்ற இன்னொரு சங்கிலியை வாங்கி, 2006 செப்டம்பரில் ஏறக்குறைய நானூறு கடைகளுக்கு மேசீஸ் என்று பெயர் மாற்றியது. சிகாகோக்காரர்கள் நூறாண்டுக்கு மேல் தங்களுடையது என்று நினைத்திருந்த மார்ஷல் ஃபீல்ட்ஸ் அதில் ஒன்று. பெயர் மாறியதை எதிர்த்து வீதியில் நின்றார்கள். எல்லா ஊருக்கும் ஒரே துணி என்பது எடுபடவில்லை என்று தெரிந்ததும், 2008-இல் "மை மேசீஸ்" என்ற திட்டம் வந்தது. சுமார் பத்துக் கடைக்கு ஒரு மாவட்டக் குழு. கடைகளில் சுற்றி, எந்த அளவு தீர்ந்துபோகிறது, எந்த நிறம் ஓடவில்லை, வருகிறவர்கள் எதைக் கேட்டுவிட்டு இல்லையென்று போகிறார்கள் என்று குறித்து மேலே சொல்வது அவர்கள் வேலை. அதே சமயத்தில் பிராந்தியக் கொள்முதல் அலுவலகங்களை மூடி, வாங்குவதை நியூயார்க்கில் ஒன்றாக்கினார்கள். கீழே செவி கொடுத்தார்கள், பர்ஸை மேலே பூட்டினார்கள்.

2008 பொருளாதார நெருக்கடி விலகியபின் சில ஆண்டுகள் விற்பனை நன்றாகவே ஏறியது. மொத்தமாக வாங்கும்போது கிடைக்கும் விலையை இழக்காமல் ஊர் ஊராக வேறுபடுத்த முடிந்ததே இந்த வழியின் பலம். துணி வியாபாரத்தில் இது பெரிய விஷயம். மில்லில் ஆறு மாதம் முன்னாலேயே ஆர்டர் கொடுக்க வேண்டிய சரக்கை ஒரு கிளை மேலாளர் தனியாகப் பேசி வாங்க முடியாது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. கடையில் நிற்கிறவர் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. சொன்னது கேட்கப்படவில்லை என்று இரண்டு சீசன் அனுபவப்பட்டால் மூன்றாவது சீசனில் சொல்வதை நிறுத்திவிடுவார். அப்புறம் மாவட்டக் குழு இன்னொரு அலுவலக அடுக்காக மட்டும் மிஞ்சும்.

ஆர்டரை மட்டும் இறக்கிய வழி

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பானின் செவன் இலெவன், அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளின் சங்கிலி. முதல் கடை 1974-இல் டோக்கியோவின் தோயோசு பகுதியில் திறந்தது. அதற்கு முன் அது ஒரு குடும்பம் நடத்திய மதுக்கடை. இந்தச் சங்கிலியை வளர்த்த தோஷிஃபுமி சுசுகி, தான்பின் கான்ரி என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்த்து ஆர்டர் போடும் முறை.

கடையில் பகுதி நேரம் வேலை பார்க்கும் கல்லூரி மாணவியும் ஆர்டர் போடுவார். அவர் பொறுப்பில் சோற்றுருண்டை அடுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை வெயில் கூடும் என்று திரையில் வானிலை காட்டுகிறது. பக்கத்துப் பள்ளியில் நாளை விளையாட்டு விழா என்பது திரையில் இல்லை, அவருக்குத் தெரியும். காலையில் பெற்றோர் வந்து வாங்குவார்கள் என்று யூகித்து, வழக்கத்தைவிடக் கூட்டிப் போடுகிறார். மறுநாள் மாலை எத்தனை விற்றது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று விற்பனைக் கணக்கில் பார்க்கிறார். பத்து மணிக்கே தீர்ந்திருந்தால் யூகம் போதவில்லை; இரவில் மிஞ்சியிருந்தால் யூகம் தப்பு. அடுத்த முறை திருத்திக்கொள்கிறார். 1982-இலேயே கடைகளுக்கு விற்பனைப் பதிவுக் கணினியைக் கொடுத்தது மேலிருந்து கண்காணிப்பதற்காக மட்டும் இல்லை. யூகித்தவரே தன் யூகத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கடைக்கு வரும் ஆலோசகர்கள், வேறு கடைகளில் எது எடுபட்டது என்று சொல்லி, யோசனை கொடுத்துவிட்டுப் போவார்கள்.

என்ன பொருள் தயாரிப்பது, எந்த லாரி எப்போது வரும், பெயர்ப்பலகை எப்படி இருக்கும் என்பதெல்லாம் மையத்தின் வேலை. எத்தனை வேண்டும் என்பது கடையின் வேலை. ஸ்பெயினின் ஸாரா துணிக்கடைகளிலும் சாயல் இதுதான்: மேலாளர்கள் வாரத்துக்கு இருமுறை ஆர்டர் போட, ஆர்தேஹோ ஊரிலுள்ள தலைமையகம் சரக்கை அனுப்பும்.

இந்த முறையின் இருட்டுப் பக்கம் பணத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டுச் சங்கிலியின் பெயரில் கடை நடத்தும் உரிமையாளர் தனி முதலாளி, மிஞ்சிக் கெட்டுப்போகும் உணவின் நஷ்டம் பெரும்பாலும் அவர் தலையில். நேரம் முடியப்போகும் உணவை விலை குறைத்து விற்க அவர் முயன்றபோது தலைமை அலுவலகம் தடுத்தது. 2009 ஜூனில் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் அந்தத் தடையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது. 2019-இல் ஓசாகா பக்கம் ஒரு கடைக்காரர் ஆள் கிடைக்காமல் இரவு நேரத்தில் கடையை அடைத்தபோது, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை வைத்து அவரோடு மோதினார்கள். ஆர்டர் போடும் உரிமை கொடுத்து, தப்பான ஆர்டரின் நஷ்டத்தைக் குறைக்கும் உரிமையை மறுத்ததுதான் அங்கே நடந்த தவறு. எத்தனை வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் கையில், மிஞ்சியதைத் தள்ளிவிடும் விலையும் இருந்தாக வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது.

இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. 1989-இல் டோக்கியோ அருகே ஃபுச்சூவில் தொடங்கிய டான் கிஹோத்தே கடைகளில் பிரிவு ஊழியரே வாங்குவார், விலை போடுவார், அடுக்குவார். கடைக்குக் கடை வேறு உலகம். குப்பையாய்க் குவிந்த அடுக்குகளில் துழாவி எடுப்பதையே வாடிக்கையாளர் ரசிக்கும் வியாபாரம் அது. மருந்துக்கடைச் சங்கிலிக்கு இதை யாரும் யோசிக்க வேண்டாம்.

எதிர்த் திசை

மையப்படுத்துவதே தப்பு என்று சொல்லவில்லை. வீட்டு மராமத்துப் பொருள் விற்கும் ஹோம் டிப்போ 1978-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கி, கடை மேலாளர்களின் இஷ்டத்தில் வளர்ந்த கம்பெனி. 2000 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்த ராபர்ட் நார்டெல்லி, ஒன்பது பிராந்தியக் கொள்முதல் பிரிவுகளை ஒன்றாக்கினார். கணினி, கணக்கு, அளவுகோல் எல்லாம் வந்தன. விற்பனை 4,600 கோடி டாலர் அளவிலிருந்து 2005-இல் 8,100 கோடிக்கு மேல் போனது. வாங்குவதை ஒன்றாக்கியதில் கிடைத்த சேமிப்பு உண்மையானது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அதோடு பகுதி நேர ஊழியர்களும் கூடினார்கள். குழாய் கசிகிறது என்று வந்தவருக்கு எந்த வாஷர் வேண்டும் என்று சொல்லக்கூடிய பழைய பிளம்பர் ஊழியர் குறைந்துபோனார். 2005-க்கான அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீட்டில் பெரிய சில்லறைக் கடைகளில் கடைசி இடம். 2007 ஜனவரியில் நார்டெல்லி சுமார் 21 கோடி டாலர் வாங்கிக்கொண்டு வெளியேறினார். கொள்முதலை மையத்துக்கு எடுத்தது ஒரு முடிவு, கடையில் ஆளைக் குறைத்தது இன்னொரு முடிவு. முதலாவது சரி, இரண்டாவதுதான் அடித்தது என்று நினைக்கிறேன். ஒரே பொட்டலத்தில் இரண்டையும் கட்டியதால் எது வேலை செய்தது என்று உள்ளேயே யாருக்கும் தெரியவில்லை.

எந்தக் கடைக்கு எது

உங்கள் சரக்கு ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்பதை முதலில் பாருங்கள். செல்போன், மருந்து, சிமென்ட் விற்கிறவர்கள் மையத்திலேயே இருக்கலாம். கிளைக்கு ஆள் எடுக்கும் உரிமையும் புகாரைத் தீர்க்கும் உரிமையும் கொடுத்தால் போதும். மளிகை அப்படியில்லை. நாகர்கோவிலில் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் போகும், ஈரோட்டில் கடலை எண்ணெய். கன்னியாகுமரி மாவட்டத்தில் கேட்கும் சிவப்பு அரிசியைத் தஞ்சாவூரில் யாரும் மூட்டையாக எடுக்க மாட்டார்கள். இதுவரைக்கும் ஹெட் ஆபீஸ் கணினியே சொல்லிவிடும். பக்கத்துக் கோயில் தேரோட்டம் எந்த நாள், எந்தக் கல்யாண மண்டபத்தில் இந்த வாரம் முகூர்த்தம், எதிரே புது ஹாஸ்டல் திறக்கிறதா என்பதைக் கடையில் நிற்கிறவர்தான் அறிவார். காய்கறி, பழம், பூஜைப் பொருள், ரொட்டி, பால் ஆகியவற்றின் ஆர்டரை முதலில் இறக்கலாம் என்பது இதனால்தான். இவை சீக்கிரம் கெடும், அதனால் தப்பும் சீக்கிரம் தெரியும். மேலாளர் சீக்கிரம் கற்றுக்கொள்வார். பேக் செய்த சரக்கில் எம்ஆர்பி இருப்பதால் விலை உரிமை என்பது தள்ளுபடி அளவுதான்; எக்ஸ்பைரி நெருங்கிய பொருளுக்கு மேலாளரே எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு வரம்பு எழுதிக் கொடுத்துவிடலாம்.

கொள்முதல் விலை பேசுவது, குடோன், பில்லிங் மென்பொருள், சம்பளப் பட்டியல், உணவுப் பாதுகாப்பு இவை மையத்திலேயே இருக்கட்டும். இதில் எதையும் பிரித்துக் கொடுப்பதால் வாடிக்கையாளருக்கு ஒரு நன்மையும் இல்லை.

எத்தனை கடையில் தொடங்குவது என்று கேட்பார்கள். நாலைந்து போதும். சிறந்த மேலாளர்கள் இருக்கும் கடைகளாகப் பார்த்து எடுத்தால் முடிவு நன்றாகவே வரும், ஆனால் அதிலிருந்து மற்ற கடைகளுக்கு ஒன்றும் தெரியாது. சுமாரான மேலாளர் ஒருவரையாவது சேர்க்க வேண்டும். அவரால் முடிந்தால்தான் இது முப்பது கடைக்கும் போகும். கணக்கில் விற்பனையை மட்டும் பார்க்காமல் வீணானது, தீர்ந்துபோனது இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீணானதற்கு மட்டும் திட்டு விழுந்தால் மேலாளர் குறைத்தே ஆர்டர் போடுவார். மாலையில் வரும் வாடிக்கையாளர் காலி அடுக்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார். அந்த நஷ்டம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

சம்பள உயர்வை முதல் நாளிலேயே அறிவியுங்கள். லாபம் வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். ஆர்டர் போடும் வேலை ஒரு மேலாளரின் நாளில் ஒரு மணி நேரத்தையாவது எடுக்கும். அந்த நேரத்தில் கல்லாவையும் அவரே பார்க்க வேண்டியிருந்தால் நேற்றைய ஆர்டரையே திரும்பப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அதனால் கடைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்தச் செலவுக்கு இடமில்லாத சங்கிலி மேசீஸ் மாதிரி ஏழெட்டுக் கடைக்கு ஒரு குழு வைத்துக்கொண்டு, ஒரு நிபந்தனை மட்டும் போட்டுக்கொள்ளலாம்: கடை கேட்டதை வாங்க மறுத்தால் தலைமை அலுவலகம் அந்த வாரமே காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும்.